வாசல் இல்லாத வீடுகளின் பொங்கல்: மும்பைத் தமிழர் விழாக்களும் வட்டாரப் பெருமிதமும்

ஒரு வட்டாரத்தில் வாழ்பவர், தாம் எங்கே குடியிருக்கிறோம் என்பதை வெளியாரிடம் குரல் தாழாமல் சொல்ல முடிகிற நிலையையே வட்டாரப் பெருமிதம் என்ற சொல் இக்கட்டுரையில் குறிக்கிறது. இது சாதிப் பெருமையிலிருந்து வேறானது; மொழிப்பற்றோடு உறவுடையது என்றாலும் அதுவே ஆகிவிடாது. மும்பையின் தாராவியில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் முகவரியில் தாராவியை விட்டுவிட்டுச் சயான் என்றோ மாஹிம் என்றோ எழுதுவது அங்கே நெடுநாள் வழக்கம். 'ஆசியாவின் மிகப் பெரிய சேரி' என்று நாளிதழ்களும் திரைப்படங்களும் ஒட்டிய பெயர், தோல் பதனிட்டும் இட்லி அவித்தும் துணி தைத்தும் அந்த மண்ணை மேடாக்கிய பல லட்சம் பேரின் உழைப்பை ஒரே சொல்லில் மறைத்துவிட்டது. அந்த மறைப்பை விலக்குவதில் உள்ளூர் விழாக்கள் என்ன பங்கு வகித்தன, எந்த விழா பெருமிதத்தை விதைத்தது, எது வெறும் பகட்டாக வந்து போயிற்று என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

மாஹிம் கழியின் சதுப்போரத்தில் கோலி மீனவர் வாழ்ந்த கோலிவாடாவே தாராவியின் தொன்மையான குடியிருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் தொழில் அங்கு வேரூன்றியபோது தமிழகத்திலிருந்து தோல் வணிகத்தில் தேர்ந்த முஸ்லிம்களும், அவர்களை ஒட்டியும் தனித்தும் திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடர்களும் நாடார்களும் வந்து சேர்ந்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். 1887இல் தொடங்கிய பெரிய மசூதியும், தமிழர் 1913இல் எழுப்பிய கணேசர் கோயிலும் அப்பகுதியின் முதல் வழிபாட்டிடங்களாகக் கருதப்படுகின்றன. ஆவணங்களில் தொண்ணூறு அடிச் சாலை என்றும் மக்கள் வாயில் 'நைன்டி ஃபீட் ரோடு' என்றும் வழங்கும் தெருதான் இந்த வரலாற்றின் நடுவே ஓடுகிறது. தை முதல் நாளன்று விடியுமுன் அந்தச் சாலையோரம் அடுப்புகள் எழுகின்றன.

பொங்கல் என்பது வாசலில் வைக்கும் விழா. சூரியன் தெரிய வேண்டும், கோலமிட்ட தரை வேண்டும், பானை பொங்கி வழியும் திசையைப் பார்க்க நாலு பேர் நிற்க இடம் வேண்டும். தாராவியின் பெரும்பாலான வீடுகள் நூறு, இருநூறு சதுர அடிக்குள் அடங்குபவை; கதவைத் திறந்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் ஒதுங்கிக் கடக்கும் சந்து. அங்கே வெயில் உச்சிப் பொழுதில்தான் எட்டிப் பார்க்கும். ஆகவே வாசல் இல்லாத வீடுகள் எல்லாம் சேர்ந்து சாலையையே வாசலாக்கிக்கொண்டன. மூன்று மூன்று செங்கற்களாகக் கூட்டிய அடுப்புகள் வரிசையாக அமைகின்றன. தார்ச்சாலையின் கறுப்பில் மாவுக்கோலம் பளிச்சென்று விழுகிறது. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டப்படுகிறது. கரும்பு, அருகில் நிற்கும் இரும்புக் கம்பத்திலோ கடையின் ஷட்டரிலோ சாய்த்து வைக்கப்படுகிறது. விறகுப் புகையில் பட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெண்கள் அரிசியைக் களைந்து போடுகிறார்கள். முதல் பானை பொங்கும்போது எழும் குலவை, நாவை மடித்துச் சுழற்றி எழுப்பும் அந்த மங்கல ஒலி, அடுத்த அடுப்புக்கும் அதற்கடுத்த அடுப்புக்கும் தாவிச் செல்கிறது. தென்மாவட்டங்களின் அம்மன் கோயில் முற்றத்துக்கே உரிய அந்த ஒலி, பேருந்தும் லாரியும் ஓடும் மும்பைச் சாலையில் கேட்பது இந்த ஒரு காலையில்தான். பானைகளைச் சுட்டு அடுக்கும் கும்பார்வாடா அதே சாலையை ஒட்டியே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குஜராத்திக் குயவரின் சூளையும் தமிழரின் அடுப்பும் பக்கம் பக்கமாகப் புகையும் காட்சியின் பொருள் விளங்கும்.

வீட்டுச் சடங்கு ஒன்று தெருவுக்கு வருவது மும்பைக்குப் புதிதல்ல. 1893இல் லோகமான்ய திலகர் விநாயகர் வழிபாட்டைப் பொது விழாவாக வளர்த்தெடுத்த அதே ஆண்டில் மும்பை கிர்காவின் கேசவ்ஜி நாயக் சாளிலும் பொதுக் கணபதி அமர்ந்தார். சாள் என்பது ஒரே நடையை ஒட்டி ஒற்றையறை வீடுகள் அடுக்கிய தொழிலாளர் குடியிருப்பு. பல குடும்பங்கள் ஒரு நடையைப் பகிர்ந்துகொண்ட அந்தக் கட்டட அமைப்பும் பொது விழாவுக்கு இடந்தந்தது என்று கொள்ளலாம். ஆனால் கணேசோத்சவம் தொடக்கத்திலேயே ஓர் அரசியல் நோக்கத்தோடு தலைவர்களால் வளர்க்கப்பட்டது. தாராவிப் பொங்கலோ இடநெருக்கடியிலிருந்து பெண்களின் கையால் வளர்ந்தது. மேடையும் ஒலிபெருக்கியும் வாழ்த்துப் பதாகைகளும் பின்னால் வந்து சேர்ந்தவை.

கூட்டு விழா ஏன் மனிதரைப் பிணைக்கிறது என்ற கேள்விக்கு, பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட சமய வாழ்வு பற்றிய நூலில் ஒரு விடை தந்தார். மக்கள் ஓரிடத்தில் கூடி ஒரே செயலைச் செய்யும்போது தனிமனிதரை மீறிய ஓர் எழுச்சி பிறக்கிறது என்றும், சமூகம் தன்னைத்தானே அப்போது உணர்ந்துகொள்கிறது என்றும் அவர் கூறினார். இதைக் கூட்டு எழுச்சி எனலாம். குலவை தாவும் காலைக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. ஆனால் முழுமையாகப் போதவில்லை. எழுச்சி ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். தணிந்த பிறகும் எஞ்சுவது எது என்று பார்த்தால், விழாவுக்கு முந்தைய வாரங்களின் வேலை தெரியவரும்: வீடு வீடாகப் பணம் பிரித்தல், காவல்துறையிடமும் மாநகராட்சியிடமும் அனுமதி பெறுதல், எந்தச் சந்தின் பெண்களுக்கு எந்த இடம் என்று பேசி முடித்தல், மறுநாள் சாம்பலை அள்ளுதல். பெருமிதத்தின் வேர் இந்த வேலையில்தான் இருக்கிறது.

நெல்லைச் சீமைக்காரருக்கு இந்த வேலை புதிதன்று. ஊர்க் கோயில் கொடை, அதாவது ஆண்டுக்கொருமுறை குலதெய்வத்துக்கோ அம்மனுக்கோ எடுக்கும் விழா, தலைக்கட்டு வரியில் நடப்பது. மணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு; ஏழையானாலும் வசதியுள்ளவரானாலும் ஒரே வரி. வரி கட்டியவருக்கு வரவு செலவு கேட்க உரிமை உண்டு. பிழைப்புக்காக மும்பை வந்தவர்களும் ஊர் வரியை விடாமல் அனுப்புவார்கள். கொடைக்கு விடுப்பெடுத்து ரயிலேறுவார்கள். இந்தப் பழக்கத்தோடு வந்த மக்கள், மராத்தியர் 'வர்கணி' என்றழைக்கும் விழாச் சந்தா முறையை உடனே புரிந்துகொண்டார்கள். பத்து ரூபாய் கொடுத்தவரும் விழாவின் உரிமையாளர் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

1913ஆம் ஆண்டின் கணேசர் கோயில் இங்கே இன்னொரு காரணத்தால் முக்கியமாகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அதற்கு 26 ஆண்டுகள் முன்பே தாராவித் தமிழர் தமக்கெனக் கோயிலை வைத்திருந்தார்கள். ஆதிதிராவிடர்கள் மகாஜன சங்கம் அமைத்து அந்தக் கோயிலின் விழாவைத் தாமே முன்நின்று நடத்தினார்கள். சொந்த ஊரில் தேர் தம் தெருவுக்குள் வராது, தேர் ஓடும் தெருவுக்குள் தாமும் போக முடியாது என்ற நிலையில் வளர்ந்த ஒருவர், மும்பையில் ஊர்வலத்தின் முன்னால் நடக்கிறார் என்பது சிறிய மாற்றமன்று. தமிழில் 'சேரி' என்ற சொல் குடிசைப் பகுதியை மட்டும் சுட்டாமல் சாதியையும் சேர்த்தே சுட்டுவதால், அந்தச் சொல்லோடு வந்த இழிவை விருந்தோம்பும் நிலைக்கு உயர்வதன் மூலமே அவர்கள் எதிர்கொண்டார்கள் எனலாம். அமெரிக்க மானிடவியலாளர் ஓவன் லிஞ்ச், தாராவி ஆதிதிராவிடரின் அரசியல் திரட்சியையும் இன அடையாளத்தையும் பற்றி 1974இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் எழுதிய கட்டுரை இந்த மக்களைப் பற்றிய தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று. தமிழில் இன்றளவும் அது உரிய கவனம் பெறவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

1966 ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டதும் மும்பையில் தமிழராகத் தெரிவதே அச்சத்துக்குரியதாயிற்று. அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் சிவசேனை சார்பான மார்மிக் இதழில் வெளிவந்தன. லுங்கியைப் பழிக்கும் முழக்கங்கள் சுவர்களில் ஏறின. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. அந்தக் காலத்தை நினைவில் வைத்துப் பார்த்தால்தான் வேட்டியும் பட்டுச் சேலையுமாகப் பொதுச்சாலையில் நிற்பதன் துணிவு புரியும். இதற்கு இணையான நிகழ்வு லண்டனில் உண்டு. நாட்டிங் ஹில்லில் 1958இல் கரீபிய மக்கள் மீது நடந்த இனத்தாக்குதலுக்குப் பின், கிளாடியா ஜோன்ஸ் என்ற இதழாளர் 1959 ஜனவரியில் செயின்ட் பாங்கிராஸ் நகரமன்ற அரங்குக்குள் ஒரு கரீபிய விழாவை நடத்தினார். 1966இல் நாட்டிங் ஹில்லில் தெரு விழா தொடங்கியது. தாக்கப்பட்ட மக்கள் முதலில் நான்கு சுவர்களுக்குள் கூடி, பிறகு தெருவுக்கு வந்தார்கள். மும்பையில் ஒரு காலத்தில் தென்னிந்தியரை விரட்டச் சொன்ன அரசியலின் வழிவந்தவர்களும் இன்று தமிழரின் வாக்கை நாடிப் பொங்கல் வாழ்த்துச் சொல்லும் நிலை வந்திருக்கிறது. வாக்கு எண்ணிக்கை அதற்கு ஒரு காரணம். ஆண்டுதோறும் தவறாமல் சாலைக்கு வந்து நின்ற பெண்கள் இன்னொரு காரணம்.

விழாவின் அளவே பெருமிதத்தின் அளவு என்று எண்ணுவோருக்கு மாட்டுங்கா ரயில் நிலையத்தின் வெளியே நின்ற கணபதிப் பந்தல் ஒரு பாடம். 1970களில் வரதராஜ முதலியார் என்ற நிழலுலகப் பெரும்புள்ளியின் ஆதரவில் அந்தப் பந்தல் நகரமே பேசும் பகட்டோடு எழுந்தது. தமிழர் மீதான வெறுப்பு அடங்காத காலத்தில் அது பலருக்குத் தலைநிமிர்வைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பணம் மக்களிடம் பிரித்த வரி அல்ல. கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1980களில் காவல்துறையின் நெருக்கடியால் அவர் சென்னைக்குப் போனார், 1988இல் இறந்தார். பந்தலின் பகட்டும் அவரோடு போயிற்று. ஒருவர் நிழலில் வளர்ந்த பெருமை அவர் நிழல் நீங்கியதும் வாடுவது இயல்பு.

அதே மாட்டுங்காவில் வேறொரு வகைப் பெருமிதம் நிதானமாகக் கட்டியெழுப்பப்பட்டது. 1896இன் பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகன்ற தெருக்களோடு திட்டமிட்டது. அங்கே தட்டச்சர், கணக்கர், ஆசிரியர் என்று வந்து குடியேறிய தென்னிந்திய நடுத்தரக் குடும்பங்கள் 1923இல் ஆஸ்திக சமாஜத்தையும், 1927இல் தென்னிந்திய பஜனை சமாஜத்தையும், 1932இல் எஸ்.ஐ.இ.எஸ். என்ற தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் நிறுவின. பஜனை சமாஜம் என்பது வழிபாட்டுப் பாடல்களை வரன்முறைப்படி கூடிப் பாடுவதற்கான அமைப்பு. சபா என்பது உறுப்பினர் கட்டணத்தால் இசையும் நாடகமும் நடத்தும் சங்கம். 1952இல் தோன்றிய ஷண்முகானந்த நுண்கலை சங்கீத சபா, கிங்ஸ் சர்க்கிள் அருகே 1963இல் ஒரு பேரரங்கைத் திறந்தது. 1990இல் தீ அந்த அரங்கை அழித்தது. ஒரு புரவலரை மட்டுமே நம்பிய அமைப்பாயிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும்; எட்டு ஆண்டுகள் திரட்டியும் கட்டியும் 1998இல் சபா மீண்டும் திறந்தது. அந்த எட்டு ஆண்டுகளே மாட்டுங்காத் தமிழரின் பெருமிதத்துக்குச் சரியான அளவுகோல்.

எனினும் சபாவின் வாசல் எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. மாட்டுங்காவின் கச்சேரியையும் தாராவியின் கொடையையும் பிரிப்பது நடந்து கடக்கும் தூரம்தான். ஆனால் சாதியும் வகுப்பும் அதைக் கடலளவு ஆக்கியிருந்தன. மாட்டுங்காவின் சமாஜங்களையும் சபாக்களையும் பெரும்பாலும் பிராமணர்களும் மேல்நடுத்தர வகுப்பினரும் வளர்த்தார்கள். தாராவியின் விழாக்களை ஆதிதிராவிடரும் நாடாரும் பிற உழைக்கும் சாதியினரும் வளர்த்தார்கள். 'மும்பைத் தமிழர்' என்று ஒரே சொல்லில் சொல்வது எளிது. அந்தச் சொல்லுக்குள் இரு தரப்பும் ஒரே பந்தியில் அமர்ந்த நாட்கள் குறைவு.

செம்பூர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மாட்டுங்காவின் அடுத்த தலைமுறையும், டிராம்பே அணு ஆய்வு மையத்திலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் வேலைக்கு வந்தவர்களும் அங்கு குடியேறினார்கள். செம்பூர் நுண்கலைக் கழகம் கச்சேரி மரபைத் தொடர்ந்தது. சேடா நகரில் படியேறிச் சென்று தரிசிக்கும்படி உயரமாக அமைந்த முருகன் கோயில், மலையில்லாத இடத்தில் மலைக்கோயிலின் அனுபவத்தைத் தருகிறது. திருச்செம்பூர் என்று பக்தர்கள் வழங்கும் பெயரே, ஓர் ஊரைத் தம் ஊராக்கிக்கொள்ளும் மனத்தின் வேலை. சபாவைப் போல நுழைவுச்சீட்டு கேட்காததால், தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் அந்தப் படிகளில் பல வகுப்பினரும் கலந்து ஏறுகிறார்கள்.

விழா தரும் பெருமிதம் அயலாரை விலக்கும் ஆயுதமாகவும் மாறக்கூடும் என்பதை 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் மும்பைக்குக் காட்டின. பாபர் மசூதி இடிப்பைத் தொடர்ந்த கலவரத்தில் தாராவியும் எரிந்தது. அதன் பிறகு வகார் கான், பாவ் கோர்டே என்ற இரு தாராவிவாசிகள், மதங்கள் நான்கின் உடையணிந்த சிறுவர்களை ஒன்றாக நிறுத்திச் சுவரொட்டிகளாக்கி ஊரெங்கும் பரப்பினார்கள். மொஹல்லா கமிட்டி எனப்பட்ட, குடியிருப்போரும் காவல்துறையும் கூடிப் பேசும் வட்டாரக் குழுக்கள் விழா நாட்களில் பதற்றத்தைத் தணிக்கும் பொறுப்பை ஏற்றன. கல்பனா சர்மா 2000இல் வெளியிட்ட தாராவி பற்றிய நூல் இந்த முயற்சிகளைப் பதிவு செய்திருக்கிறது. ஊர்வலம் எந்த வழியாகப் போகும், பாங்கு நேரத்தில் மேளம் எங்கே நிற்கும் என்பது போன்ற சிறு ஒப்பந்தங்களே பெருமிதத்தை வன்மமாகத் திரியாமல் காக்கின்றன.

வெளியிலிருந்து வந்தவர்கள் திட்டமிட்ட நிகழ்வுகளும் உண்டு. ஸ்நேஹா என்ற நலவாழ்வு அமைப்பு 2015இல் தாராவி பினாலே என்ற கலைக் கண்காட்சியைச் சந்துகளுக்குள் நடத்தியது. தாராவி மக்களே செய்த படைப்புகள் உடல்நலத்தைப் பேசின. 2016இல் தள்ளுவண்டி அளவிலான நடமாடும் வடிவமைப்பு அருங்காட்சியகம் ஒன்று, தாராவியில் செய்யப்படும் பானை, குவளை, துடைப்பம் முதலியவற்றைக் காட்சிக்கு வைத்தது. தாராவியின் கைவேலையை உலகம் கலையாகப் பார்க்கச் செய்த இம்முயற்சிகள் பாராட்டத்தக்கவை. ஆனால் நிதியும் திட்டமும் வெளியிலிருந்து வந்த நிகழ்வு, அந்த நிதி தீரும்போது நின்றுவிடும். பொங்கலுக்கு நிதி தீர்வதில்லை, ஏனென்றால் அரிசியும் வெல்லமும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வருகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு, உள்ளூர் விழாவின் குறையையும் சொல்லியாக வேண்டும். அடுப்பில் பெண்கள், மேடையில் ஆண்கள் என்ற பிரிவினை பெரும்பாலும் மாறவில்லை. தலைக்கட்டு என்ற கணக்கே ஆணை மையமாக்கியது. கணவனை இழந்த பெண்ணின் வீடு அதில் பாதியாகவோ விலக்காகவோ எண்ணப்படும் ஊர்கள் உண்டு. அடுப்பு மூட்டுபவரே விழாவை நடத்துபவர் என்பதை ஏற்றால், குழுவின் பொறுப்புகளும் அவர்களிடம் போக வேண்டும். இதில் தயங்க எந்த நியாயமும் இல்லை.

இப்போது இந்த வாசலே கேள்விக்குள்ளாகியிருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் முதலிடம் பெற்றது. 2023இல் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. 2024 மார்ச்சில் வீடு வீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்றும், அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியே வேறு ஏற்பாடு என்றும் விதிகள் சொல்கின்றன. கழிப்பறையும் குழாயும் உள்ள வீடு கிடைப்பது மக்களின் நியாயமான உரிமை. அதை எதிர்ப்பது அறமாகாது. ஆனால் கணக்கெடுப்பு அளப்பது வீட்டின் சதுர அடிகளை. பக்கத்துப் பக்கத்துச் சந்துகளில் வாழ்ந்து, ஒரே வரி கட்டி, ஒரே சாலையில் பானை வைத்தவர்கள் பல கோபுரங்களுக்கும் பல புறநகர்களுக்கும் சிதறினால், வரி பிரிக்கும் பட்டியலே கிழிந்துபோகும். அடுக்குமாடியின் பத்தாவது தளத்திலும் வாசல் இருக்காது. அங்கே விறகு மூட்டவும் முடியாது.

ஆகவே திட்ட வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் முன்வைக்க வேண்டிய கோரிக்கை எளியது. எந்தச் சந்தின் மக்கள் எந்த விழாவைச் சேர்ந்து நடத்துகிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பில் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும். சேர்ந்து வரி கட்டுபவர்களைச் சேர்ந்தே குடியமர்த்த வேண்டும். தை முதல் நாள் காலையில் கிழக்கு வெளிச்சம் விழும்படியாகத் தொண்ணூறு அடிச் சாலையோரம் அடுப்பு வைக்கும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துத் திறந்தவெளியாக விட வேண்டும். அந்த இடம் எது என்று அறிய நிபுணர் குழு தேவையில்லை. தாராவியில் பொங்கல் வைக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் நடந்துபோய்க் காட்டுவார்.